குமரியிலிருந்து சட்டம் படிக்கப் போகிறவர்களுக்கு: ஐந்து வருடக் கணக்கு போதாது, எட்டு வருடக் கணக்கு போடுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் முதல், நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் என்னைப் போன்ற வக்கீல்களைத் தேடி, வழக்கு எதுவும் இல்லாத சிலர் வருவார்கள். தெரிந்தவருக்குத் தெரிந்தவர், பழைய கட்சிக்காரரின் மச்சான், இப்படி யாராவது. "சார், பிள்ளைய லாவுக்கு விடலாம்னு இருக்கோம். எவ்வளவு ஆகும்?" என்று கேட்பார்கள். கட்டணம் எவ்வளவு என்பதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் கவுன் மாட்டிய பிறகு வரும் மூன்று வருடம் எப்படிப் போகும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. பணம் உண்மையில் தேவைப்படுவது அப்போதுதான். அதனால் இந்த வழிகாட்டியை வழக்கமான வரிசையில் எழுதாமல் கடைசியிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் படி: எங்கே நிற்கப் போகிறீர்கள்?

கல்லூரி தேடுவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தில் நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை, இரணியல், பூதப்பாண்டி என்று கோர்ட்டுகள் இருக்கின்றன. மேல்முறையீடும், அரசு நடவடிக்கையை எதிர்த்து நேரடியாக உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவும் மதுரைக்குப் போகும். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலையில் திறந்ததிலிருந்து அதுதான் நம் உயர் நீதிமன்றம். இந்த மாவட்டக் கோர்ட்டுகளில்தான் தொழில் செய்யப் போகிறீர்கள் என்றால், உங்களுக்குப் பெரிய பெயருள்ள கல்லூரி வேண்டும் என்ற அவசியம் இல்லை. தமிழில் பிராது எழுதத் தெரிய வேண்டும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரிய வேண்டும், பழைய பத்திரத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். பெரிய கம்பெனியின் சட்டப் பிரிவு, பெருநகரச் சட்ட நிறுவனம் இதெல்லாம் ஆசையாக இருந்தால் கணக்கே வேறு. அங்கே கல்லூரியின் பெயரும் ஆங்கிலமும் முதல் வேலைக்கு நேரடியாக உதவும். நீதிபதி ஆக வேண்டும் என்பவர்களுக்கு மூன்றாவது கணக்கு இருக்கிறது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

இரண்டும் கலந்து "பார்ப்போம்" என்று போகிறவர்கள்தான் பணத்தை அதிகம் இழக்கிறார்கள். நம் கோர்ட்டில் நிற்பதற்காக இருபது லட்சம் செலவழித்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது படி: ஐந்து வருடமா, மூன்று வருடமா?

பிளஸ் டூ முடித்த கையோடு சேர்ந்தால் ஐந்து வருடம். ஒரு பட்டம் முடித்துவிட்டுச் சேர்ந்தால் மூன்று வருடம். பட்டத்தையும் சேர்த்தால் ஆறு அல்லது ஏழு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் நம் மாவட்டம்தான், 91.75 சதவீதம். இங்கே வீட்டுக்கு ஒரு இன்ஜினியர் இருக்கிறார். அவர்களில் பலர் இப்போது மூன்று வருடச் சட்டப் படிப்புக்கு வருகிறார்கள். தப்பில்லை. செக் கேஸ், கட்டட ஒப்பந்தத் தகராறு, சைபர் வழக்கு இவற்றில் அந்தப் பழைய படிப்பு கைகொடுக்கிறது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, பலர் விழுந்திருக்கிறார்கள். பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்களுக்குச் சட்டப் படிப்பில் இடம் கிடையாது. பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை இருக்க வேண்டும். வக்கீல் தொழிலையும் சட்டப் படிப்பையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. எந்தப் புரோக்கர் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று சொன்னாலும், படிப்பை முடித்துவிட்டு என்ரோல்மென்ட்டுக்கு, அதாவது வக்கீலாகப் பதிவு செய்யப் போகும்போது மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

குறைந்தபட்ச மதிப்பெண்ணும் அதே விதிகளில் இருக்கிறது: பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40. இது உள்ளே நுழைவதற்கான வாசல்படி மட்டும். இடம் கிடைப்பது ரேங்க் பட்டியலைப் பொறுத்தது.

மூன்றாவது படி: எந்தக் கல்லூரி, எவ்வளவு?

குமரியிலிருந்து பார்த்தால் நான்கு பாதைகள்.

அரசு சட்டக் கல்லூரி. திருநெல்வேலிதான் பக்கம், நாகர்கோவிலிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். மதுரை, ராமநாதபுரம், தேனி, காரைக்குடி எல்லாம் அடுத்து. இவை தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. நுழைவுத் தேர்வு இல்லை. ஐந்து வருடப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண், மூன்று வருடத்துக்குப் பட்ட மதிப்பெண். கல்லூரிக் கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாயோடு முடிந்துவிடும். விடுதி, சாப்பாடு, புத்தகம், பயணம் இவைதான் செலவு. வடசேரியில் பஸ் ஏறித் தினமும் போய் வருகிறவர்கள் உண்டு, ரயில் சீசன் டிக்கெட்டும் உண்டு. ஆனால் நாள்தோறும் நாலு மணி நேரம் பயணத்தில் போனால் நூலகத்தில் உட்கார நேரம் இருக்காது. என்னைக் கேட்டால், அரசு விடுதியோ சேர்ந்து எடுத்த வாடகை அறையோ, அங்கேயே தங்குங்கள்.

சென்னையில் அதே பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளி. இங்கேயும் மதிப்பெண் அடிப்படைதான், ஆனால் தகுதி மதிப்பெண் மேலே, கட்டணம் அரசுக் கல்லூரியைவிடப் பல மடங்கு. ஹானர்ஸ் பட்டம். சென்னையில் தங்கும் செலவையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். உயர் நீதிமன்றம் இருக்கும் ஊரிலேயே இருப்பது இதன் பெரிய பலம்.

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள். திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் ஒன்று இருக்கிறது. நமக்கு அந்தப் பக்கம் கொச்சியில் ஒன்று. இரண்டுக்கும் கிளாட் (CLAT) என்ற பொது நுழைவுத் தேர்வு வேண்டும்: 120 கேள்விகள், 2 மணி நேரம், தவறுக்குக் கால் மதிப்பெண் குறையும். விண்ணப்பக் கட்டணமே 4,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 3,500. தேர்வு டிசம்பரில் நடக்கிறது, அதாவது பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு நேரத்தில். கேள்விகள் எல்லாம் நீண்ட ஆங்கிலப் பத்திகளைக் கொடுத்து அதிலிருந்து கேட்பவை. தமிழ் வழியில் படித்த பிள்ளை என்றால் பதினொன்றாம் வகுப்பிலிருந்தே தினமும் ஆங்கிலச் செய்தித்தாளின் தலையங்கம் படித்தாக வேண்டும். கடைசி மூன்று மாதக் கோச்சிங்கில் அது வராது. கட்டணம் வருடத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேல், சில இடங்களில் நான்கு லட்சத்தைத் தாண்டும்.

நான்காவது, நம் ஊருக்கே உரிய பாதை: திருவனந்தபுரம். மார்த்தாண்டத்துக்காரருக்கு நெல்லையைவிட அனந்தபுரிதான் பக்கம். அங்குள்ள அரசு சட்டக் கல்லூரி 1875இல் தொடங்கியது. திருவிதாங்கூர் காலத்தில் நம் ஊர் வக்கீல்கள் படிக்கப் போனதும் அங்கேதான். ஆனால் இப்போது கேரள நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அரசு இடங்களில் கேரளக்காரர்களுக்கே முன்னுரிமை, நம் சாதிச் சான்றிதழை வைத்து அங்கே இட ஒதுக்கீடு கேட்க முடியாது. எல்லையோரத்துப் பிள்ளைகள் இதைத் தெரியாமல் போய்த் திரும்புகிறார்கள். தனியார் கல்லூரிகள் கிடைக்கும், கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே படித்தாலும் தமிழ்நாட்டில் பதிவு செய்யத் தடையில்லை. எங்கே தொழில் செய்யப் போகிறீர்களோ அந்த மாநில பார் கவுன்சிலில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம்.

ஐந்தாவதாக ஒரு பாதையைச் சிலர் காட்டுவார்கள்: வெளி மாநிலத்தில் ஏதோ ஒரு கல்லூரி, "கிளாஸுக்குப் போக வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் போனா போதும்". விதிப்படி ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். வருகை இல்லாத பட்டம் என்றாவது ஒருநாள் கேள்விக்கு வரும். அந்தப் பணத்துக்கு ஒரு ரப்பர் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுக்கலாம்.

நான்காவது படி: சான்றிதழ்கள். இதை ஏப்ரலிலேயே முடியுங்கள்

ரிசல்ட் வந்த பிறகு இ-சேவை மையத்தில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சாதிச் சான்று. தமிழ்நாட்டில் 69 சதவீத ஒதுக்கீடு: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் சாதி 18 (அதில் 3 அருந்ததியருக்கு), பழங்குடியினர் 1. நம் மாவட்டத்தில் ஒரே குடும்பத்தில் பாதிப் பேர் இந்து, பாதிப் பேர் கிறிஸ்தவர் என்பது சகஜம். அப்பா சான்றில் ஒன்று, பிள்ளை டிசியில் இன்னொன்று என்று இருந்தால் கலந்தாய்வு மேசையில் சிக்கல். முன்கூட்டியே தாலுகா ஆபீஸில் சரிசெய்யுங்கள். ஆதிதிராவிடரிலிருந்து கிறிஸ்தவராக மாறியவர்கள் ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வந்தாலும், மாநில அரசின் கல்வி உதவித்தொகை அவர்களுக்கும் உண்டு. பலர் கேட்பதே இல்லை.

இருப்பிடச் சான்று. பிள்ளை பாறசாலையிலோ திருவனந்தபுரத்திலோ பள்ளி படித்திருந்தால் இது கட்டாயம் தேவைப்படும். கல்ஃபில் படித்துவிட்டு வந்தவர்களுக்கும்தான்.

குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்று.

அப்புறம் முக்கியமான ஒன்று: ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று. 2021இல் வந்த சட்டப்படி, சட்டப் படிப்பு உட்பட தொழிற்கல்விப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்குப் படிப்பு, விடுதி, கலந்தாய்வுக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. கூடவே பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். மாதா மாதம் வீட்டிலிருந்து காசு கேட்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு அது பஸ் காசும் ஜெராக்ஸ் காசும்.

ஐந்தாவது படி: விண்ணப்பமும் கலந்தாய்வும்

பல்கலைக்கழக இணையதளத்தில் ஆன்லைன் விண்ணப்பம். ஐந்து வருடப் படிப்புக்கு முதலில் அறிவிப்பு வரும், மூன்று வருடத்துக்குப் பிறகு. சீர்மிகு சட்டப் பள்ளிக்கும் அரசுக் கல்லூரிகளுக்கும் விண்ணப்பம் தனித்தனி. ஒன்று போட்டால் இரண்டுக்கும் ஆகும் என்று நினைத்து ஏமாறாதீர்கள். கல்லூரி விருப்ப வரிசையில் திருநெல்வேலியை மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். தூரமாக இருந்தாலும் அரசுக் கல்லூரி என்றால் வாங்கிக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

ஆறாவது படி: கடன் வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கு

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கல்விக் கடனில் 4 லட்சம் வரை ஈடு கேட்க மாட்டார்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கும். 10 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 15 வருடம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 10,750 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை.

இப்போது மறுபக்கம். ஜூனியர் வக்கீல்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் உத்தரவிட்டது: சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற மாவட்டங்களில் 15,000. உத்தரவு நல்ல உத்தரவு. ஆனால் நம் ஊரில் இரண்டு மேசை போட்ட ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் சீனியருக்கே சில மாதங்களில் அவ்வளவு மிஞ்சாது. நான் ஜூனியராகச் சேர்ந்த முதல் மாதத்தில் எனக்குக் கிடைத்தது பெட்ரோல் காசும் மத்தியானச் சாப்பாடும். அப்படியே அந்த 15,000 கிடைத்தாலும், 10,750 தவணை போனால் கையில் 4,250.

அதனால்தான் எட்டு வருடக் கணக்கு என்கிறேன். படிக்கும் ஐந்து, ஜூனியராக நிற்கும் மூன்று. அந்த மூன்று வருடத்துக்கு வீட்டில் சாப்பாடும் ஒரு இருசக்கர வாகனமும் இருந்தால் போதும் என்கிற நிலையில்தான் மாவட்டக் கோர்ட் தொழிலில் இறங்கலாம். கட்டணத்தில் மிச்சம் பிடித்து அந்த மூன்று வருடத்துக்கு ஒதுக்கி வைக்கும் குடும்பத்துப் பிள்ளை நிற்கும். கட்டணத்தில் எல்லாவற்றையும் கொட்டிய வீட்டுப் பிள்ளை, இரண்டாவது வருடத்தில் ஏதாவது பைனான்ஸ் கம்பெனியின் வசூல் பிரிவில் இருக்கும்.

ஏழாவது படி: படிக்கும்போது

சுருக்கமாகச் சில. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றுக்கும் பதில் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷ்ய அதிநியம் வந்துவிட்டன. அண்ணன்மார் கொடுக்கும் பழைய புத்தகத்தைப் பாசத்தோடு வாங்கி வையுங்கள், பரீட்சைக்குப் புதிதாக வாங்குங்கள். ஆனால் அந்தத் தேதிக்கு முந்தைய குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான் என்பதால் பழைய பிரிவு எண்களும் தெரிந்திருக்க வேண்டும்.

கீழமை நீதிமன்றங்களில் தமிழ் செல்லும், உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம். இரண்டிலும் ஒரு பக்கம் தப்பில்லாமல் எழுதப் பழகுங்கள். விடுமுறையில் ஊருக்கு வந்தால் ஒரு வக்கீல் ஆபீஸில் போய் உட்காருங்கள். குமாஸ்தாவிடம் கற்றுக்கொள்ளாதவன் வாய்தா வாங்கவே திணறுவான். கல்லூரிச் சண்டை, மறியல் என்று எஃப்.ஐ.ஆரில் பெயர் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், என்ரோல்மென்ட் சமயத்தில் அது வந்து நிற்கும்.

எட்டாவது படி: என்ரோல்மென்ட்

சட்டத்தில் சொன்ன கட்டணம் 750 ரூபாய்தான். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125. பல மாநில பார் கவுன்சில்கள் இதைவிடப் பல மடங்கு வாங்கிக்கொண்டிருந்தன. அப்படி வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பெரிய ஆறுதல்.

அடுத்தது அகில இந்திய பார் தேர்வு. நூறு கேள்விகள், பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. குறிப்பு எதுவும் எழுதாத சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதலாம். எந்தச் சட்டம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவருக்குக் கஷ்டமில்லை. தெரியாதவருக்குப் புத்தகம் இருந்தும் பயனில்லை.

ஒன்பதாவது படி: பிறகு என்ன ஆகிறார்கள்?

நீதிபதி கணக்குக்கு வருகிறேன். உரிமையியல் நீதிபதி பதவிக்கு மூன்று வருடம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மீண்டும் விதித்துவிட்டது. கல்லூரி முடித்த கையோடு தேர்வு எழுதி நீதிபதி ஆகும் வழி அடைபட்டது. தொடக்க அடிப்படைச் சம்பளம் 77,840 ரூபாய் என்பதால் ஆசைப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆக இங்கேயும் எட்டு வருடம்தான். அந்த மூன்று வருடத்தைக் கோச்சிங் சென்டரில் மட்டும் கழிக்காமல் சிவில் கோர்ட்டில் கழித்தவர்களுக்கு எழுத்துத் தேர்வில் தீர்ப்பு எழுதுவது எளிதாக இருக்கும்.

அரசு வங்கிகளின் சட்ட அதிகாரி வேலை இன்னொரு நல்ல வாய்ப்பு. சம்பள வேலைக்குப் போனால் வக்கீல் தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியாது. நோட்டரி ஆக பொதுப் பிரிவுக்குப் பத்து வருட அனுபவம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கும் ஏழு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் பட்டியலில் சேர்ந்தால் வருமானம் குறைவு, ஆனால் இளம் வயதிலேயே கேஸ் நடத்தக் கிடைக்கும்.

சொந்தத் தொழிலில் நம் மாவட்டத்தின் சாப்பாடு எது என்றால், நிலம். பாகப்பிரிவினை, வழி, வரப்பு, ஒற்றி. விபத்து இழப்பீட்டு வழக்கில் பணம் கடைசியில்தான் வரும்; செக் கேஸ் சில்லறையாக வரும். நில வழக்கு பத்து வருடம் நடக்கும், ஆனால் ஒரு நல்ல நில வக்கீலைத் தேடி ஆள் வந்துகொண்டே இருக்கும். நெல்லைக்காரர்களுக்கு இல்லாத சிக்கல் ஒன்று நமக்கு இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்ப் பக்கம். அதனால் மூல ஆவணங்கள் பல மலையாளத்தில், மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டில் இருக்கும். சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள் வழியை மாற்றிய நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம்கூடக் கொல்லம் 1101 என்றுதான் அழைக்கப்படுகிறது, அதாவது 1926. கிறிஸ்தவப் பெண்களின் சொத்துரிமைக்கு, மகளுக்கும் சம பங்கு உண்டு என்ற 1986 மேரி ராய் தீர்ப்பு இன்றும் இங்கே பேசப்படுவதும் அந்தப் பழைய ராஜ்ஜியத்தின் சட்டத்தால்தான்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெரியவர் கொல்லம் 1108ஆம் ஆண்டுப் பிரமாணம் (பத்திரம்) ஒன்றைக் கொண்டுவந்தார். எனக்கு ஒரு எழுத்து தெரியவில்லை. சீனியரின் குமாஸ்தா அண்ணன் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு கடகடவென்று வாசித்து, 'இது 1933ல எழுதினது தம்பி, இதுல கிணத்துக்குப் பாதை இருக்கு' என்றார். அந்தப் பாதையில்தான் கேஸ் நின்றது. ரிசல்ட்டுக்கும் கல்லூரி திறப்பதற்கும் இடையில் இரண்டு மாதம் கிடைக்குமே, பிள்ளைக்கு அப்போது மலையாள எழுத்து சொல்லிக் கொடுங்கள். குழித்துறைப் பக்கம் எந்த வீட்டிலும் ஒரு பாட்டி இருப்பார்.